வீட்டு வேனும் பழைய பத்திரங்களும்

பழைய வேன் பார்த்துச் சொல்லும் தொழிலில் இஞ்சினைத் திறப்பது கடைசி வேலை. முதல் வேலை தாள் படிப்பது.

நீங்களும் ஒரு பழைய வாகனத்தை ஆசைப்பட்டு வாங்கி, முதல் மழைக்கே நடுத்தெருவில் இறங்கித் தள்ளியவர் என்றால், உட்காருங்கள், நாம் ஒரே கட்சி. நானும் தள்ளியவன்தான். தள்ளித் தள்ளி முதுகு போன பிறகுதான், கராஜ் வேலையை விட்டுவிட்டு, வாங்கப் போகிறவர்களுடன் கூடப் போய்ப் பார்த்துச் சொல்லும் இந்த வேலைக்கு வந்தேன்.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் வாகனத்துக்குப் புகைப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழில் அன்றைக்கு மீற்றர் எவ்வளவு காட்டியது என்று அச்சாகியிருக்கும். அதைக் காட்டித்தான் வீதியில் ஓட அனுமதி தரும் வருமான உத்தரவுப் பத்திரம் எடுக்கலாம். லொறி என்றால் ஓடுவதற்குத் தகுதியா என்று இன்னொரு பரிசோதனையும் உண்டு. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் பழைய பத்திரத்தை யாரும் எறிவதில்லை. முன்கண்ணாடியில் ஒட்டிய பைக்குள் புதியதைச் செருகும்போது பழையவை அதன் பின்னாலேயே கிடக்கும். சண்டைக் காலத்தில் செக்பொயின்டில் ஒவ்வொரு தாளாகக் காட்டி வளர்ந்த சனம். செக்பொயின்ட் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. எனக்குச் சோறு போடுவது அந்தப் பழக்கம்தான்.

ஹலோ வாப்பா

காத்தான்குடி நவ்பர் என்னிடம் வந்தபோது அவருடைய லீவில் ஆறு வாரம் மிச்சம் இருந்தது. கட்டாரில் ஒரு கம்பனி பஸ் ஓட்டுகிறவர், பதினொரு வருஷம். அவருக்கு வேண்டியது ஒரு வீட்டு வேன். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. பாசிக்குடாவுக்கு வரும் வெள்ளைக்காரர்களை அதில் ஏற்றி நாடு சுற்றிக் காட்டுவது அவருடைய திட்டம். லீவு முடிவதற்குள் நல்ல வேன் கிடைத்தால் அவர் திரும்பிப் போக மாட்டார். கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் கட்டார். திரும்பிப் போகும் விமானச் சீட்டு ஏற்கனவே சட்டைப்பையில் இருந்தது. அது நல்ல வேனா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் நான்.

கூடவே மனைவி பர்ஹானாவும் ஆறு வயது மகளும் வந்திருந்தார்கள். அந்தப் பிள்ளை தகப்பனிடம் ஏதும் கேட்க வாயைத் திறந்தால் முதலில் "ஹலோ வாப்பா" என்றது. பக்கத்தில் நிற்கிறவரிடம்தான். பிறந்ததிலிருந்து அவரைப் போனில் பார்த்தே பழக்கம். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. பர்ஹானா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணன், வேன நல்லாப் பாத்து, நல்லதா இல்லையாண்டு செல்லுங்க. நீங்க பிழையாச் செல்லிட்டீங்கண்டா இவர் மறுகாவும் போனுக்குள்ள போயிருவார்."

பின்னால் ஓடிய மீற்றர்

முதல் வேன் வாழைச்சேனையில். பளபளவென்று கழுவி, டயருக்குக் கறுப்புத் தடவி, ஒரு குறுகிய ஒழுங்கைச் சந்தில், வாசலில் நிறுத்தியிருந்தார்கள். நவ்பர் சுற்றிச் சுற்றி வந்தார். உட்புறம் விசாலம், கட்டில் போட இடம் தாராளம். நான் முன்கண்ணாடிப் பையிலிருந்து பத்திரங்களை உருவி, புகைச் சான்றிதழ்களையும் கேட்டு வாங்கி, வேனின் முன் சீற்றில் வரிசையாக அடுக்கினேன். முதல் மூன்று வருஷம் மீற்றர் ஏறிக்கொண்டே போனது. நாலாம் வருஷம் படாரென்று பாதிக்கும் கீழே இறங்கி, அங்கிருந்து மறுபடி நல்ல பிள்ளையாக ஏறத் தொடங்கியது.

சான்றிதழ்களை வேன்காரரிடம் நீட்டி, இது எப்படி என்று கேட்டேன். மனிதர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. நல்ல மனுஷன், தேத்தண்ணியும் தந்தார். தந்துவிட்டுச் சொன்னார்:

"எங்கட ஒழுங்கை ஒடுக்கம் தம்பி, திருப்ப ஏலா. அந்த வருஷம் ரிவர்ஸ்லதான் கூட ஓடினது."

விளக்குக்குள் மீன்

இரண்டாவது ஏறாவூரில். மீற்றர் சரி. ஆனால் பத்திரங்களை அடுக்கியபோது ஓரிடத்தில் இடைவெளி. ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதத்தில் எடுக்கப்பட்ட பத்திரம், ஒரு வருஷம் மட்டும் ஐந்து மாதம் பிந்தியிருந்தது. பத்திரம் பிந்தினால் வாகனம் எங்கேயோ படுத்திருக்கிறது என்று அர்த்தம். எந்தக் காலம் என்று விரலில் எண்ணினேன். மார்கழி வெள்ளத்தில் தொடங்கியது.

"வெள்ளம் ஏறினதா?" என்று கேட்டேன். "சும்மா கால் நனையிற தண்ணி" என்றார் விற்பவர். யாருடைய கால் என்று அவர் சொல்லவில்லை. நான் குனிந்து முன்விளக்கைப் பார்த்தேன். கண்ணாடிக்கு உள்பக்கம், பல்பின் கீழே, விரல் நுனி அளவில் ஒரு மீன்குஞ்சு காய்ந்து ஒட்டிக் கிடந்தது. கண்கூட அப்படியே இருந்தது. நவ்பர் பார்த்தார், பர்ஹானா பார்த்தார், மகள் "ஹலோ வாப்பா, மீன்" என்றது. வாவியில் விளக்கு வைத்து மீன் பிடிக்கிற ஊர் என்பதை வேன்காரர் மறக்கவில்லை:

"அது வெளிச்சத்தக் கண்டு தானா வந்த மீன் அண்ணன். நாங்க என்ன செய்யிற?"

சோதனைக்கு மட்டும் போகும் வேன்

அடுத்தது வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம். வயல் வட்டைக்குப் போகும் வழியில் ஒரு பெரிய வளவு. வளவுக்காரர் அழகையா, நெல் செய்கிறவர். வேன் எங்கே என்று கேட்டதும் ஒரு தகரக் கொட்டிலைக் காட்டினார். கதவைத் திறந்தால் உள்ளே கோழிகள். சீற் எல்லாம் கழற்றிப் பலகை விரித்து, மேலே உமி கொட்டி, முட்டைக்குப் பெட்டிகளும் வைத்திருந்தார். ஓட்டுநர் இருக்கையில் ஒரு சேவல் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது, இறங்கவும் மறுத்தது.

அழகையா ஒரு பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்து திறந்தார். என் தொழிலில் அவ்வளவு ஒழுங்கான தாள்களை நான் கண்டதில்லை. ஒரு வருஷம் விடாமல் சான்றிதழ், ஒரு நாள் பிந்தாமல் பத்திரம். மீற்றரைப் பார்த்தேன். வருஷத்துக்கு நாற்பது சொச்சம் கிலோமீற்றர். ஒவ்வொரு வருஷமும் அதே நாற்பது சொச்சம். கணக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. வளவிலிருந்து பட்டணத்துக்குப் போய் வரும் தூரம் அது. இந்த வேன் புகைப் பரிசோதனைக்குப் போவதற்காக மட்டும் ஓடியிருக்கிறது! எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். பத்திரம் இல்லாத வாகனம் வளவுக்குள் நின்றால் யாரும் வந்து கேட்க மாட்டார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார். கேட்பவர்கள் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதை அவருக்கு நான் எப்படிச் சொல்வது?

நவ்பரைத் தனியே அழைத்து என் முடிவைச் சொன்னேன். நின்றே கிடந்த வேன். ரப்பர் எல்லாம் காய்ந்திருக்கும், இஞ்சினை இறக்கிப் பிரித்துத்தான் ஓட்டலாம். அதற்குள் லீவு முடிந்துவிடும், வேண்டாம். திரும்பப் புறப்பட்டபோது அழகையா படலை வரை வந்தார்:

"வேண்டாட்டியும் பரவால்ல தம்பி. வேணுமெண்டா ஒரு கிழமைக்கு முதல் சொல்லணும், கோழிக்கு வேற இடம் பாக்கணும்."

எங்கே நிறுத்தினாலும்

அந்த ஆறு வாரத்தில் மூன்று வாரத்துக்கு மேல் போன பிறகு களுதாவளையில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் கொண்டுவந்து கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி மர நிழலில் நிறுத்தியிருந்தார். இது இனிமேல் வீடாக்க வேண்டிய வேன் அல்ல, வீடாகவே ஆக்கிய சின்ன லொறி. மடித்து விரிக்கும் கட்டில், இரண்டு அடுப்பு, கழுவும் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, கூரையில் நட்சத்திரம் மாதிரிக் குட்டி விளக்குகள். நவ்பர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தவர் இறங்கவில்லை. மகள் கட்டிலில் உருண்டது. பர்ஹானா ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்து மூடினார். திறக்கும்போதிருந்த சந்தேகம் மூடும்போது முகத்தில் இல்லை. இவர்களுக்கு இது கிடைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஆசையில்தான் வாயை விட்டேன். "பெரிசாப் பிழை ஒண்டும் இல்லாத மாதிரித்தான் தெரியுது" என்றேன். ஒரு தாளும் பார்க்கவில்லை! இருபது வருஷத்தில் நான் செய்யாத காரியம்.

சொன்ன பிறகுதான் முன்கண்ணாடிப் பையைப் பார்த்தேன். ஒரே ஒரு பத்திரம், புத்தம்புதியது. பின்னால் ஒன்றும் இல்லை. பழையவை எங்கே என்றால், குப்பை என்று எறிந்துவிட்டாராம். எங்கள் ஊரில் குழந்தையின் தொட்டில் கூடத் தொலையும், பத்திரம் தொலையாது. பதிவுப் புத்தகத்தில் இவருக்கு முந்திய சொந்தக்காரர் வாழைச்சேனை என்றிருந்தது. பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டேன். இதற்கிடையில் பர்ஹானா வெளியே இறங்கிக் குனிந்து எதையோ பார்த்தார். வண்டியின் அடியில், சரியாக நடுவில், இரண்டு பூனைகள் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு படுத்திருந்தன. உங்களுடையதா என்று கேட்டார். அந்த மனிதர் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார்:

"எங்கட இல்ல. என்னமோ தெரியா, எங்க நிப்பாட்டினாலும் ரெண்டு பூனை வந்திரும்."

தோற்ற தாள்

மறுநாள் காலையில் வாழைச்சேனைக்குத் தனியாகப் போனேன். பழைய சொந்தக்காரர் துறைமுகத்தில் மீன் ஏற்றி அனுப்புகிறவர். லொறியின் இலக்கத்தைச் சொன்னதும் ஒரு பெரிய உரப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய எல்லா லொறிகளின் எல்லாத் தாள்களும் அதற்குள் இருந்தன. நான் தேடிய லொறி ஒன்பது வருஷம் ஐஸ் போட்டு மீன் ஏற்றியிருக்கிறது. ஐசும் உப்புத் தண்ணியுமாக ஒன்பது வருஷம் தரைக்கூடாக வடிந்து கீழே வண்டியைத் தாங்கும் சட்டகத்தில் இறங்கியிருக்கிறது. தகுதிப் பரிசோதனைத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தேறியது என்பதற்குச் சித்தி என்று போட்டிருந்தது: சித்தி, சித்தி, திருத்திய பிறகு சித்தி. கடைசித் தாளில் சித்தி இல்லை. சட்டகம் துருவால் அரிக்கப்பட்டிருக்கிறது, வீதிக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கையொப்பம் வைத்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் அதைப் பழைய இரும்புக்கு விற்றிருக்கிறார். இரும்புக்கு வாங்கியவரோ அவரிடம் வாங்கியவரோ அடியில் கறுப்புப் பெயின்ட் அடித்து, மேலே பலகையும் றப்பர் விரிப்பும் போட்டு, வேறெங்கோ காட்டிப் புதுப் பத்திரம் எடுத்திருக்க வேண்டும். எனக்கு அந்தத் தாளைப் பிரதி எடுக்கத் தந்தார். நல்லபடி முடிந்த தாளை வைத்திருப்பது சரி, தோற்ற தாளையும் எதற்கு இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்:

"என்ன கதை கதைக்கிறீங்க? ஏன்டா லொறிய ஓட்டல்லண்டு செக்பொயின்ட்ல மறிச்சுக் கேட்டா எதக் காட்டுற?"

ஸ்குறூட்றைவர்

அன்றைக்கே நவ்பரையும் பர்ஹானாவையும் களுதாவளைக்கு வரச் சொன்னேன். நவ்பர் அளவு நாடாவுடன் வந்தார், திரை மாற்றுவதற்காம். முதல் நாள் பின்னேரமே கம்பனிக்குப் போன் எடுத்து இனி வரமாட்டேன் என்று சொல்லப் போனவரை, பர்ஹானாதான் ஒரு நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். நான் தாளை நீட்டினேன். வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். "நேத்து நீங்கதானே அண்ணன் பிழை இல்லண்டு செல்லின?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஓம் தம்பி, தாள் பாக்காமச் சொன்னது என்ட பிழை" என்றேன். வண்டிக்கு அடியில் படுத்து, பூனையை விலக்கிவிட்டு, சட்டகத்தில் ஸ்குறூட்றைவரை வைத்து அழுத்தினேன். கறுப்புப் பெயின்ட் உடைந்து பிடி வரைக்கும் இறங்கியது. நவ்பரும் பக்கத்தில் படுத்துப் பார்த்தார். "வெல்டிங் அடிக்கலாம்தானே, அண்ணன்?" வெல்டிங் பிடிக்க அதில் நல்ல இரும்பு மிச்சமில்லை என்றேன். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு மலைநாட்டு வளைவில் இறங்கும்போது இது நடுவில் முறியும் என்றேன். ஓட்டுவது நீங்கள் என்றும் சொன்னேன். அவர் எழும்பாமல் அப்படியே மண்ணில் படுத்துக் கிடந்தார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. லீவில் இன்னும் பதினேழு நாள்தான். பர்ஹானாதான் குனிந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார்:

"அந்தக் கோழி வேன்ட தாளெல்லாம் சரியாத்தானே இரிந்த?"

கழுவலாம், கழுவ ஏலாது

நாங்கள் மறுபடி கொக்கட்டிச்சோலைக்குப் போனோம். இந்த முறை நான் முதலில் அடியில் படுத்தேன். தகரக் கொட்டிலுக்குள் நனையாமல் நின்ற வேன். கோழி எச்சம் தகரத்துக்குக் கூடாது, ஆனால் பலகையும் உமியும் அதைத் தடுத்திருந்தன. சட்டகத்தில் ஸ்குறூட்றைவரைக் குத்தினேன், என் கைதான் நொந்தது. வெளியே வந்து உள்ளதைச் சொன்னேன். உடம்பு நல்ல உடம்பு. இஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும், இரண்டு மாதமாவது செல்லும். பிறகுதான் கட்டில், அடுப்பு எல்லாம். லீவுக்குள் முடியவே முடியாது. இதை வாங்கினால், ஓடும் என்று கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கட்டார் வேலையை விட வேண்டும். ஓடும் என்பதற்கு என்னுடைய வாயும் அந்தப் பிஸ்கற் தகரமும்தான் சாட்சி. என் வாயின் மதிப்பு அவருக்குத் தெரியும்.

நவ்பர் பிஸ்கற் தகரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்தார். நான் அடுக்குவது போலவே வருஷப்படி அடுக்கினார். வெகு நேரம். பஸ் ஓட்டுநர் அல்லவா, நாற்பது சொச்சத்தை என்னைவிடக் கெதியாகப் பிடித்துக்கொண்டார். "இது பொய் செல்லல்ல அண்ணன்" என்று மட்டும் சொன்னார். பர்ஹானா மூக்கைப் பொத்திக்கொண்டு வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "கோழி நாத்தத்தக் கழுவலாம், துருவக் கழுவ ஏலா" என்றார். அதோடு முடிவாகிவிட்டது. ஒரு கிழமைக்கு முதல் சொல்லவில்லையே என்று அழகையாவுக்குத்தான் தாங்கவில்லை. சேவலைக் கையில் தூக்கிக்கொண்டு நின்று, கடைசியில் பர்ஹானாவிடம் சொன்னார்:

"அப்ப இந்த நாலு பேட்டுக்கோழியையும் வேனோடயே கொண்டு போங்க தங்கச்சி. அதுகள் வேற இடத்துல முட்டையிடாதுகள்."

சீருடை

விமானம் புறப்படும் நாளில் நவ்பரைக் கட்டுநாயக்காவுக்குக் கொண்டுபோக ஒரு காரோடு வருவதாக நான் முன்பே சொல்லியிருந்தேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வேனைத் தன் வீட்டு வளவுக்குள் இறக்கிய நாளிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கம்பனிக்குப் போன் எடுத்தாரா என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. ஒருவேளை என்று காலை ஒன்பது மணிக்குக் காரைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினேன்.

வளவில் வேன் நாலு கட்டையில் நின்றது. இஞ்சின் வெளியே, ஒரு பழைய பாயில், துண்டு துண்டாக. வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மகள் அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கோழி எங்கே முட்டையிட்டது என்று கதை சொல்லிக்கொண்டிருந்தது. "வாப்பா, வாப்பா" என்றுதான். ஹலோவை நான் காத்திருந்து பார்த்தேன், வரவே இல்லை. வாசற்படியில் பயணப்பெட்டி திறந்து கிடந்தது. பர்ஹானா அதற்குள்ளிருந்து கம்பனியின் பெயர் நெஞ்சில் தைத்த நீலச் சட்டையை எடுத்து, உதறி, இரண்டு கையாலும் பிடித்து நடுவால் கிழித்தார். ஒரு பாதியை வேனுக்கு அடியில் நீட்டினார், ஒயில் கறுத்த கையொன்று அதை வாங்கிக்கொண்டது. மற்றப் பாதியை என்னிடம் நீட்டினார்:

"நல்ல துணி அண்ணன், ஒயில நல்லாக் குடிக்கும். காரப் பூட்டிட்டு வாங்க, நீங்களும் துடைங்க."

இன்றைக்கு அந்த வேனின் முன்கண்ணாடிப் பையில் புதுப் பத்திரத்துக்குப் பின்னால் பழைய பத்திரங்களும், அவற்றுக்குப் பின்னால் ஏறாமல் விட்ட ஒரு விமானச் சீட்டும் இருக்கின்றன, செக்பொயின்டில் யாரும் மறித்து ஏன் போகவில்லை என்று கேட்டால் காட்டுவதற்காம்.